மச்சாளின் வாங்குகள்

பேர்லினை எனக்கு நடந்து தெரியும். மச்சாளுக்கு இருந்து தெரியும்.

மச்சாள் என் அண்ணையின் மனைவி. பான் நகரில் எங்கள் இரண்டு வீடுகளுக்கும் இடையே நான்கு பஸ் தரிப்பிடம்தான். லண்டனிலிருந்தோ கனடாவிலிருந்தோ, மூன்று மாத விசாவில் யாழ்ப்பாணத்திலிருந்தோ யார் வந்து இறங்கினாலும், முதல் பின்னேரம் கொலோன் தேவாலயத்தின் இரட்டைக் கோபுரத்தைக் காட்டுவோம். அண்ணாந்து பார்த்து நொந்த கழுத்தைத் தடவிக்கொண்டே அவர்கள் கேட்பார்கள்: "பேர்லின் எப்ப?" அவ்வளவுதான், குடும்பம் வேலைகளைப் பங்கு போட்டுக்கொள்ளும். அண்ணை தன் வான் வண்டியை எடுப்பார். மச்சாள் சமைப்பார். முன்னால் நடப்பது நான். ஓரிடத்தில் ஐந்து நிமிடம் நிற்க மறுக்கும் கால்கள் எனக்கு. ஒரு தெருவின் முனையைக் கண்டால் அதற்கு அப்பால் என்ன என்று பார்க்காமல் திரும்பத் தெரியாது. பேர்லின் அப்படிப்பட்டவர்களுக்கு ஏற்ற ஊர். அங்கே வீதிகளே கையை வீசிக்கொண்டு நடக்கும். பழைய நகரவாசலின் உச்சியில் நாலு குதிரைகள் எந்த நேரமும் வெளிக்கிட்டபடியே நிற்கும். ஆறுகூட ஒரு பாலத்தைக் கடந்ததும் வளைந்து இன்னொரு பாலத்தைத் தேடிப் போகும்.

ஆனால் நாங்கள் போகுமிடமெல்லாம் எங்கள் சாப்பாடும் கூட வரும். நீல நிறக் கூல் பொக்ஸ் ஒன்று. அதற்குள் மீன் ரோல்ஸ், கட்லட், அலுமினியத் தாளில் சுற்றிய சோத்துப் பாசல்கள். தேத்தண்ணிக்கு இரண்டு பிளாஸ்க். குளிருக்கு ஒரு பை, மழைக்கு ஒரு பை, எதற்கென்றே தெரியாத இன்னொரு பை. பேர்லினில் பார்க்க வேண்டிய இடம் எதுவும் இந்தக் கூட்டத்தை உள்ளே விடாது. அருங்காட்சியகம் விடாது. தொலைக்காட்சிக் கோபுரம் விடாது. நாடாளுமன்றத்தின் தலையில் இருக்கிற கண்ணாடிக் குவிமாடம் விடவே விடாது. ஒருவர் வெளியே இருக்க வேண்டும். அது மச்சாள்தான் என்று ஒருவரும் தீர்மானித்ததில்லை. வான் நின்றதும் அவரே ஒரு வாங்கைக் கண்டுபிடித்துவிடுவார். பூங்கா ஓரங்களில் போட்டிருக்கும் நீள இருக்கையைத்தான் நாங்கள் வாங்கு என்கிறோம். பைகளை இரண்டு பக்கமும் அடுக்கி, கூல் பொக்ஸின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு சொல்வார்: "நீங்கள் போட்டு வாங்கோ. நான் இருக்கிறன்."

நாங்களும் போய்விட்டு வருவோம்.

நாலு பயணம், நாலு வாங்கு. லண்டன்காரர் வந்த வருடம், நாடாளுமன்றத்துக்கு முன்னால் உள்ள பெரிய புல்வெளியின் ஓரம். யாழ்ப்பாணத்து மாமி வந்தபோது, லிண்டன் மரங்களின் கீழே, அந்த நீண்ட வீதியின் நடுவால் போகும் நடைபாதையில். பாரிஸ்காரருடன் போனபோது பச்சைக் குவிமாடத் தேவாலயத்துக்கு முன்னால். அன்று நாங்கள் அருங்காட்சியகத்துக்குள் நெஃபர்டிற்றி அரசியின் முகத்துக்கு முன் மூச்சை அடக்கிக்கொண்டு நின்ற நேரம், மச்சாள் இரண்டு புறாக்களின் சண்டையை ரோல்ஸ் துண்டு போட்டுத் தீர்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நாலாவது, தொலைக்காட்சிக் கோபுரத்தின் அடியில், நீரூற்றுக்குப் பக்கத்தில். எங்கள் வீட்டு அல்பத்தில் பேர்லின் படங்களுக்குக் குறைவில்லை. ஒன்றில்கூட மச்சாள் இல்லை.

போன கோடையில், ரொறன்ரோவிலிருந்து மச்சாளின் தங்கையும் கணவரும் வருவதாக இருந்தது. பயணத்துக்கு இரண்டு கிழமைக்கு முன் மச்சாள் எனக்கு ஃபோன் எடுத்தார்.

"மச்சாள், நான் ஒரு பொய் சொல்லிப்போட்டன்."

மச்சாள் எனக்கு மச்சாள், நான் அவருக்கு மச்சாள். பொய்யை முதலில் ஒப்புக்கொள்ளும் இடமும் அந்த உறவுதான்.

"ஆருக்கு?"

"வேலையிடத்தில." மச்சாள் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறார். "எங்களோட உருளைக்கிழங்கு சீவுற மனுசி பேர்லினில பிறந்தவவாம். நானும் நாலு தரம் போனனான் எண்டு பெருமையாச் சொன்னன். அப்ப குவிமாடத்துக்கு ஏறினனீரோ எண்டு கேட்டா. வாய் தவறி ஓம் எண்டிட்டன்."

"அதுக்கென்ன?"

"மேலை நிண்டு பாக்க என்ன தெரிஞ்சது எண்டு கேட்டா."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"நல்ல வடிவு எண்டன். அவ விடுறா இல்லை. என்ன தெரிஞ்சது, என்ன தெரிஞ்சது எண்டு. எனக்கு வேறை என்ன தெரியும்? வாங்கெல்லாம் தெரிஞ்சது எண்டன். குசினி முழுக்க இப்பவும் சிரிச்சுக்கொண்டு நிக்குது."

நானும் சிரித்தேன். மறுமுனையில் சிரிப்பு இல்லை.

"இந்த முறை நானும் ஏறுறன்," என்றார் மச்சாள். "திங்கக்கிழமை வேலைக்குப் போகேக்கை அந்த மனுசிக்கு ஒழுங்கான பதில் ஒண்டு வேணும்."

"ஓம், ஓம். எல்லாருக்கும் எப்பவோ பதிஞ்சாச்சு."

முன்கூட்டியே நேரம் குறிப்பதை இங்கே ரெர்மின் என்பார்கள். இந்த நாட்டில் பல்லுக்கும் ரெர்மின், பாஸ்போட்டுக்கும் ரெர்மின், வானத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கவும் ரெர்மின். குவிமாடத்துக்கு ஏறுகிற ஒவ்வொருவரின் பெயரும் பிறந்த தேதியும் முன்கூட்டியே கொடுக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு முன்பே அடுப்பில் பருப்புக் கொதிக்கக் கொதிக்க அந்தப் படிவத்தை நிரப்பி அனுப்பியிருந்தேன். அதனால் நான் மச்சாளுக்குச் சொன்னது உண்மை என்றுதான் நானும் நம்பினேன்.

என் இன்னொரு பொறுப்பு, நேரம் சொல்வது. எங்கள் ஆட்களுக்கு உண்மையான நேரத்தைச் சொல்வது ஆபத்து. ஆறு மணி வரவேற்புக்கு ஏழு மணிக்கு நின்று சேலை மடிப்பு எடுக்கிறவர்கள் நாங்கள். ஆகவே நான் எப்போதும் குறைத்துத்தான் சொல்வேன். குவிமாடத்துக்கு எங்களுடைய நேரம் பின்னேரம் மூன்று மணி. பன்னிரண்டரை என்று சொல்லி வைத்தேன். பானிலிருந்து வெளிக்கிட ஐந்தரை போதும். விடிய நாலு என்று சொல்லி வைத்தேன். இப்படிச் சொன்னால் எல்லாம் சரியாக வந்து சேரும். வருடக்கணக்காக வந்து சேர்ந்திருக்கிறது.

ஆனால் தங்கையின் கணவர், அந்த ரொறன்ரோக்காரர், அங்கே நகர பஸ் ஓட்டுபவர். ஒரு நிமிடம் பிந்தினால் பத்துப் பேரின் முறைப்பைக் கண்ணாடியில் பார்த்துப் பழகியவர். நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே வானுக்குப் பக்கத்தில் நின்று, மணிக்கூட்டையும் எங்கள் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பரம்பரையில் முதல் தடவையாக, சொன்ன நேரத்துக்கு ஒரு வாகனம் புறப்பட்டது.

கோடை வெளிச்சம் வயல்களில் மெல்ல ஊறியது. காற்றாலைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைகாட்டின. மச்சாள் பின் இருக்கையில், கூல் பொக்ஸை அணைத்தபடி, காலில் புதிதாகப் போட்ட வெள்ளைச் சப்பாத்தை அடிக்கடி குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார். முழங்கால் நோவுக்கு மெத்தென்ற அடி வைத்த சப்பாத்து. ஏறுவதற்காகவே வாங்கியது.

"இதென்ன, இமயமலைக்கோ போறீர்?" என்றார் அண்ணை, முன்கண்ணாடியில் பார்த்து.

"நீங்கள் றோட்டைப் பாருங்கோ," என்றார் மச்சாள்.

பத்தரைக்கே நகரம் வந்துவிட்டது. நகரவாசலின் கீழே மச்சாளின் தங்கை பதினேழு விதமாக நின்றார். கணவர் பதினெட்டாவது படத்தை எடுத்தார். குதிரைகள் பொறுமையாக இருந்தன. சோப்புக் குமிழி விடுகிற ஒருவன் வீட்டளவு குமிழி ஒன்றை ஊதினான். அதற்குள் நகரவாசல் தலைகீழாக ஒரு கணம் வாழ்ந்து வெடித்தது. பக்கத்துத் தெருவில், கொல்லப்பட்ட யூதர்களுக்கான சாம்பல் கற்களின் இடைவெளிகளுக்குள் நாங்கள் பேச்சை நிறுத்திக்கொண்டு தனித்தனியே நடந்தோம். பிறகு வெயில் வந்தது. பிறகு பசி வந்தது. பன்னிரண்டு மணிக்கெல்லாம் நாடாளுமன்றத்துக்கு முன்னால் உள்ள புல்வெளியில், மச்சாளின் முதலாவது வாங்கைச் சுற்றிச் சோத்துப் பாசல்களைப் பிரித்துக்கொண்டிருந்தோம்.

"கெதியாச் சாப்பிடுங்கோ, பன்னிரண்டரை ஆகப்போகுது," என்றார் ரொறன்ரோக்காரர், வாய் நிறையச் சோற்றுடன். "வரிசை எங்கை?"

இனி மறைக்க ஏலாது. "மூண்டு மணிக்குத்தான்," என்றேன்.

எல்லோருடைய கையும் நின்றது.

"மூண்டோ?" அண்ணை பாசலைக் கீழே வைத்தார். "எடி, அப்ப விடிய நாலு மணி எண்டதும் பொய்யோ?"

"ஐஞ்சரை."

"நான் மூண்டு மணிக்கு எழும்பிக் குளிச்சனான்!" என்றார் ரொறன்ரோக்காரர். "அதுவும் பச்சைத் தண்ணியில!"

"உங்களை நம்பி ஒரு பொய்யும் சொல்ல ஏலாது போல," என்றேன். "எங்கடை ஆக்களைப் போல கொஞ்சம் பிந்தி வந்திருந்தால் எல்லாம் சரியா இருந்திருக்கும்."

மச்சாளின் தங்கை சிரித்துச் சிரித்து விக்கினார். "உண்மையாவே மூண்டு மணிதானோ? வாசிச்சுக் காட்டுங்கோ பாப்பம்."

ஃபோனை எடுத்தேன். நாடாளுமன்றத்திலிருந்து வந்த கடிதத்தைத் திறந்து, நல்ல குரலில், நேரத்தை வாசித்தேன். அதன் கீழே இருந்த பெயர்களையும் வாசித்தேன். அண்ணையின் பெயர். என்னுடைய பெயர். தங்கையின் பெயர். அவர் கணவரின் பெயர்.

அதற்குக் கீழே பெயர் இல்லை. விரலால் தள்ளிப் பார்த்தேன். பாஸ்போட் கொண்டு வாருங்கள், கத்தி கொண்டு வராதீர்கள் என்று எழுதியிருந்தது.

அடுப்பில் பருப்பு, கையில் படிவம், எத்தனை பேர் என்று அது கேட்ட கேள்வி. ஐந்து பேர் போனால் ஏறுவது நாலு பேர். எந்த யோசனையும் இல்லாமல் அந்தக் கணக்கை என் விரல் போட்டிருந்தது. ஒருத்தி பைக்கு.

மச்சாள் எல்லோருக்கும் முதல் எழுந்தார். காலிப் பாசல் தாள்களைச் சேர்த்து மடித்தார். "பரவாயில்லை," என்றார். குரல் வழக்கம்போலத்தான் இருந்தது. அதைக் கேட்கத்தான் முடியவில்லை. "பையை ஆராவது பாக்கத்தானே வேணும். நீங்கள் போட்டு வாங்கோ. நான் இருக்கிறன்."

"என்ர இடத்துக்கு நீர் போம்," என்றார் அண்ணை.

"பேரையும் பாஸ்போட்டையும் பொருத்திப் பாப்பினம், அண்ணை. மாத்த ஏலாது."

"அப்ப எண்ணத் தெரியாதோடி உனக்கு? ஐஞ்சு வரைக்கும் எண்ணத் தெரியாதோ?"

தெரியாமல்தான் போயிருக்கிறது. நாலு பயணமாக.

அப்போதுதான் நினைவு வந்தது, வீதிக்கு அந்தப் பக்கம் ஒரு சிறிய மண்டபத்தில், அன்றைக்கென்று மிஞ்சியிருக்கும் இடங்களைக் கொடுப்பார்கள். இரண்டு மணித்தியாலம் முந்திப் பதிய வேண்டும். மணி பன்னிரண்டரை. எங்களிடம் நேரம் இருந்தது, வாழ்க்கையில் ஒருபோதும் இல்லாத அளவுக்கு நேரம். மச்சாளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். வெள்ளைச் சப்பாத்து பின்னால் சறுக் சறுக் என்று வந்தது.

வரிசை நீளம். எங்களுக்கு முன்னால் ஸ்பானியர், அவர்களுக்கு முன்னால் சைக்கிள் தொப்பியைக் கழற்றாத ஒரு குடும்பம். முக்கால் மணி நேரம் நான் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறிக்கொண்டே நின்றேன். மச்சாள் அசையாமல் நின்றார். அவருக்குக் காத்திருக்கத் தெரியும்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றேன்.

"நீர் எழுதாட்டிலும் நான் அப்பிடித்தான் எழுதியிருப்பன்," என்றார் அவர். "எனக்கே என்னை எண்ண வராது."

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் திரையைப் பார்த்தார், தலையை ஆட்டினார், மறுபடி பார்த்தார். "நாலேகாலுக்கு இரண்டு இடம் இருக்கிறது. வேண்டுமா?" என் மூன்று மணி இடத்தை விட்டுவிட்டு அந்த இரண்டையும் கேட்டேன். மச்சாளின் பிறந்த தேதி என்ன என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். எனக்குத் தெரியவில்லை. எங்கள் எல்லோருடைய பிறந்தநாளுக்கும் கேக் செய்கிறவர் மச்சாள். அவர் முன்னால் வந்து, கண்ணாடியின் துளைக்குக் கிட்ட வாயை வைத்து, ஒவ்வொரு எண்ணாகத் தெளிவான ஜேர்மன் மொழியில் சொன்னார். நானும் மனதுக்குள் எழுதிக்கொண்டேன்.

ஆக, ஏற்பாடு எளிது. மூன்று மணிக்கு மற்ற மூவரும் ஏறுவார்கள். இறங்கி வந்து பைகளைப் பொறுப்பெடுப்பார்கள். நாலேகாலுக்கு நாங்கள் இருவரும்.

"மூண்டே முக்காலுக்குக் கட்டாயம் கீழை நிக்க வேணும்," என்றேன் அண்ணையிடம்.

"ஓம், ஓம்," என்று அண்ணை ரொறன்ரோக்காரரைப் பார்த்துக் கண்ணடித்தார். அந்தக் கண்ணடிப்பை நான் கவனித்திருக்க வேண்டும்.

அவர்கள் போனதும் வாங்கில் இருந்தோம். பேர்லினில் நான் இப்படி ஓரிடத்தில் இருந்தது அதுதான் முதல் தடவை. முதல் ஐந்து நிமிடம் கால் துடித்தது. பிறகு மச்சாள் கூல் பொக்ஸைக் கொஞ்சம் என் பக்கம் தள்ளி, "காலை வையும்," என்றார். வைத்தேன். எங்கள் முன்னால் நகரம் தானாகவே நடக்கத் தொடங்கியது. நாலு மொழியில் அழுகிற குழந்தைகளோடு வண்டிகளின் ஊர்வலம் ஒன்று. மணப்பெண் ஒருத்தி வெள்ளைப் பாவாடையை முழங்கால் வரை சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஐஸ்கிறீம் குடித்தாள். இரண்டு பொலிஸ்காரர் ஒரு மூஞ்சூறு போன்ற நாயிடம் தோற்று அதன் வயிற்றைத் தடவிக் கொடுத்தார்கள். இத்தனை வருடமும் நான் இவற்றைக் கடந்து எங்கே ஓடினேன் என்று யோசித்தேன்.

"எக்ஸ்கியூஸ் மீ, சாரிங்க," என்று ஒரு குரல். நடுவயது தாண்டாத ஒரு ஆணும் பெண்ணும். "நீங்க தமிழா? இல்ல, அந்த ஸ்மெல் வந்ததும் இவ அப்படியே நின்னுட்டா. கட்லெட்தானே அது?"

"இருங்கோ, இருங்கோ," என்றார் மச்சாள். ஏற்கனவே மூடி திறந்திருந்தது.

கார்ல்ஸ்ரூஹேயில் இருவருக்கும் ஐ.டி. வேலை. சொந்த ஊர் மதுரைப் பக்கம். வீக்கெண்ட் பேர்லின் பார்க்க வந்து இரண்டு நாளாக வெறும் பிரெட்டில் ஓடிக்கொண்டிருக்கிறார்களாம். அந்தப் பெண் முதல் கடியில் கண்ணை மூடினார். "அக்கா, சத்தியமா சொல்றேன், இந்த ட்ரிப்போட ஹைலைட்டே இதுதான்."

"குவிமாடம் பாத்தனீங்களோ?"

"காலைலயே முடிச்சிட்டோம்க்கா. சூப்பர் வியூ. ஆனா கட்லெட் பெட்டர்."

மூன்றே முக்கால் ஆனது. ஒருவரையும் காணவில்லை. நாலு மணி. அண்ணையின் ஃபோன் அடித்து அடித்து ஓய்ந்தது. நாலைக் கடந்து ஐந்து நிமிடம். எனக்குப் புரிந்துவிட்டது. நான் மூன்றே முக்கால் என்றால் உண்மையில் நாலேமுக்கால் என்று அவர்கள் கூட்டிக் கணக்கெடுத்திருக்கிறார்கள். வருடக்கணக்காக நான் குறைத்துச் சொன்ன மணித்தியாலங்கள் எல்லாம் அன்று ஒன்றாகச் சேர்ந்து மேலே உலாவிக்கொண்டிருந்தன.

பாதுகாப்புச் சோதனை வாசலில் எங்கள் நேரத்துக்கு ஆட்கள் சேரத் தொடங்கினார்கள். மச்சாள் அந்த வரிசையைப் பார்த்தார். கூல் பொக்ஸைப் பார்த்தார். சப்பாத்தைப் பார்க்கவில்லை.

"நீர் போட்டு வாரும்," என்றார். "நான்..."

"சொல்லாதேங்கோ," என்றேன். "அதை மட்டும் சொல்லாதேங்கோ."

கார்ல்ஸ்ரூஹேப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னக்கா ப்ராப்ளம்? பேக்கா? நாங்க பாத்துக்கறோம். எங்க ட்ரெய்ன் ஏழு மணிக்குத்தான். நீங்க போயிட்டு வாங்க, நாங்க இருக்கோம்."

மச்சாள் பையின் பிடியிலிருந்து கையை எடுத்தார். அவருடைய வசனத்தை அவருக்கு ஒருவரும் அதுவரை சொன்னதில்லை.

"பிளாஸ்க்கைச் சரிக்கப்படாது," என்றார் கடைசியில். "நீலப் பெட்டியில ரோல்ஸ் இன்னும் ஆறு இருக்கு. கூச்சப்படாமல் எடுங்கோ. ஒரு மொட்டை மனுசன் வந்து உரிமை கொண்டாடினால் குடுங்கோ, அது என்ர மனுசன்."

ஓடினோம்.

லிஃப்ட் கதவு திறந்ததும் வெளிச்சம். முன்னால், ஆகாயத்தை உருட்டிக் கவிழ்த்து வைத்ததுபோலக் குவிமாடம். நடுவில் நூறு நூறு கண்ணாடிகள் பதித்த தூண் ஒன்று கீழிருந்து அகன்றுகொண்டே மேலே போகிறது. அதில் ஒவ்வொரு கண்ணாடியிலும் ஒரு துண்டு மச்சாள், ஒரு துண்டு நான், ஒரு துண்டு முகில். சுவரோரமாக இரண்டு சாய்பாதைகள் சுற்றிச் சுற்றிப் போகின்றன, ஏற ஒன்று, இறங்க ஒன்று. எதிரெதிரே பார்க்கலாம், சந்திக்க ஏலாது. காதில் மாட்டும் கருவி கொடுத்தார்கள். நடக்க நடக்க அதுவே விளக்கம் சொல்லும். பல மொழி இருந்தது. தமிழ் இல்லை. மச்சாள் ஜேர்மன் மொழியைத் தேர்ந்தெடுத்து, ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மெத்தென்ற அடியை வைத்து ஏறத் தொடங்கினார்.

பாதி வழியில், எதிர்ப்பக்கச் சாய்பாதையில், கண்ணாடித் தூணுக்கு அப்பால், ஒரு மொட்டைத் தலை மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.

"இஞ்சருங்கோ!" என்றார் மச்சாள். ஜேர்மன் நாடாளுமன்றத்தின் உச்சியில் அந்த அழைப்பு ஒருமுறை சுற்றி வந்தது.

அண்ணை திடுக்கிட்டு நின்றார். மணிக்கூட்டைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். "பை எங்கை?"

"கீழை! வாங்கில!"

"ஆரோட?"

"கார்ல்ஸ்ரூஹே ஆக்களோட!"

"அது ஆர்?"

"தெரியாது!"

அண்ணைக்குப் பின்னால் ரொறன்ரோக்காரர் தலையில் கை வைத்தார். "நேரத்தைக் கூட்டச் சொன்னது உங்கட அண்ணைதான்!" என்று கத்தினார். காவல் ஊழியர் ஒருவர் விரலை உதட்டில் வைத்தார். மச்சாளின் தங்கை இறங்குகிற பாதையிலிருந்து இரண்டு கையையும் வீசினார், கப்பலில் போகிறவருக்கு வீசுவதுபோல. பாதைகள் சுழன்றன. அவர்கள் கீழே போனார்கள். நாங்கள் மேலே.

உச்சியில், தூணின் விளிம்பைச் சுற்றி, வட்டமாக ஓர் இருக்கை. ஏறிக் களைத்தவர்கள் வரிசையாக இருந்தார்கள்.

மச்சாள் அதைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தார். "இஞ்சையும் ஒரு வாங்கு!"

"இருங்கோ. முழங்கால் நோகும்."

"இருக்க மாட்டன்," என்றார். "இஞ்சை மட்டும் நான் இருக்க மாட்டன்."

காதுக்கருவியைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டார். கண்ணாடிக்குக் கிட்டப் போய் விரலை நீட்டினார். "அங்கை பாரும், அந்தப் பச்சைக் குவிமாடம். அதுக்கு முன்னாலை பாரிஸ் ஆக்கள் வந்த முறை. வாங்கில எனக்குப் பக்கத்தில ஒரு மனுசன் வந்திருந்து, பாண் துண்டைச் சாப்பிட்டுப்போட்டு, இண்டைக்கு எனக்கு விவாகரத்து எண்டார். நான் ஒரு ரோல்ஸ் குடுத்தன். அழுது அழுது சாப்பிட்டார். அது, அந்த ஊசிக் கோபுரம். அதுக்குக் கீழை மழை. குடைக்குள்ளை என்னோட நாலு யப்பான் பொம்பிளையள். லிண்டன் மரம் தெரியுதோ? பூத்த நேரம். மணம் எண்டால் மணம். அண்டைக்கு நீங்கள் எங்கை போனனீங்கள்?"

எங்கே போனோம் என்று எனக்கு நினைவில்லை. ஏதோ ஒரு பெரிய கட்டடம். உள்ளே குளிர்ந்தது.

அந்த உயரத்திலிருந்து ஒரு வாங்கும் கண்ணுக்குத் தெரியவில்லை. மரத்தலைகள், கூரைகள், ஆற்றின் ஒரு மடிப்பு, அவ்வளவுதான். மச்சாளின் விரல் தடுமாறவே இல்லை. கருவிக்குள் இருந்த குரல், அவருடைய நெஞ்சில் தொங்கியபடி, மன்னர்களைப் பற்றிக் கிசுகிசுத்துக்கொண்டிருந்தது; அதை ஒருவரும் கேட்கவில்லை. நான் ஒரு இடத்தில் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கால் நகர்வோம் என்று சொல்லவேயில்லை.

இறங்கிக் கூரைத் தளத்துக்கு வந்தபோது காற்று. மேற்குப் பக்கக் கைப்பிடிச் சுவரோரம் மச்சாள் நின்றுவிட்டார். கீழே புல்வெளி. அதன் ஓரம் மரங்கள். மரத்தடியில் ஒரு நீலப்புள்ளி.

"எங்கடை கூல் பொக்ஸ்," என்றார்.

புள்ளிக்குப் பக்கத்தில் மூன்று சிறிய உருவங்கள் வந்து சேர்ந்தன. அங்கே இருந்த இரண்டு உருவங்கள் எழுந்தன. கை குலுக்கல், கும்பிடு, ஏதோ பேச்சு. இரண்டு உருவங்கள் எங்களை நோக்கி, அதாவது கட்டடத்தை நோக்கி, குத்துமதிப்பாகக் கை காட்டிவிட்டு மரங்களுக்குள் மறைந்தன. மச்சாளின் தங்கையும் கணவரும் ஏதோ படம் எடுக்கப் புல்லின் நடுவுக்குப் போனார்கள். மிஞ்சிய ஒன்று, வெயிலில் மினுங்கும் தலையோடு, வாங்கில் இருந்தது. பைகளை இரண்டு பக்கமும் இழுத்து வைத்தது. கொஞ்சம் யோசித்தது. பிறகு காலைத் தூக்கி நீலப்புள்ளியின் மேல் வைத்தது.

மச்சாள் ஃபோனை எடுத்தார். நகரவாசலின் குதிரைகள் இந்தப் பக்கம் இருக்கின்றன, நில்லுங்கோ, உங்களை அதோடு சேர்த்து எடுக்கிறேன் என்று நான் சொன்னேன். எடுத்தும் கொடுத்தேன், வெள்ளைச் சப்பாத்து முழுதாக விழும்படி. ஆனால் அவர் தானாக எடுத்தது ஒரே ஒரு படம்தான்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு, வேலை இடைவேளையில், ஃபோன் வந்தது. பின்னால் தட்டுகளின் சத்தம்.

"காட்டிப்போட்டன்," என்றார் மச்சாள்.

"குதிரையோட நிக்கிற படமோ?"

"இல்லை. மற்றது. அந்த மனுசி கண்ணாடியைப் போட்டு, பெருப்பிச்சுப் பெருப்பிச்சுப் பாத்தா. மரம் தெரியுது, புல்லுத் தெரியுது, இதென்ன நீலமா ஒரு புள்ளி எண்டு கேட்டா."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"அதுக்குப் பக்கத்தில இருக்கிறது என்ர மனுசன் எண்டன். நான் மேலை நிக்கேக்கை அவர் பை பாத்தவர் எண்டன்."

பின்னால் குசினி முழுக்கச் சிரிப்பது எனக்குக் கேட்டது. இந்த முறை எல்லோருக்கும் மேலாகக் கேட்டது மச்சாளின் சிரிப்பு.